நிலக்கரி அடுப்பு வீட்டில் முதல் குளிர்காலம்: வன்னியில் இருந்து போன பிள்ளைகளுக்கு

இதை முள்ளியவளையில், அம்மாவின் குசினி வாசலில் இருந்து எழுதுகிறேன். லீவில் வந்து பத்து நாள்தான். அதற்குள் மூன்று வீட்டார் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். "தம்பி, மகள் கெயார் வேலைக்கு இங்கிலாந்து போனவள். ஏதோ கிராமத்தில வீடாம். காஸ் இல்லையாம், கரி அடுப்புத்தானாம். என்ன செய்யிறது எண்டு கேட்கிறாள்." ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பிக் களைத்துப் போனேன். சரி, ஒரேயடியாக எழுதிவிடலாம். நான் டர்ஹம் பக்கம், முன்பு சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடொன்றில் வீட்டைச் சூடாக்க ஏழு குளிர்காலம் நிலக்கரி எரித்தவன். சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சட்டங்கள் வேறு.

முதலில் சொல் குழப்பம். கரி என்றால் நமக்குச் சிரட்டைக்கரி, ஊமற்கரி, விறகுக்கரி. நிலக்கரி என்றால் நுரைச்சோலை மின்நிலையத்துக்குக் கப்பலில் வருவது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் வன்னியில் எத்தனை பேர்? நானும் தொட்டதில்லை. போன முதல் கிழமை சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கரிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வளவைக் கையால் காட்டினார். அது வெளியில் வைத்து இறைச்சி சுடும் விறகுக்கரி. அந்தக் கரியை ஒரு தட்டில் பற்றவைத்துக் குளிருக்கு அறைக்குள் வைத்துக்கொண்டு படுப்பவர்களும் இருக்கிறார்கள். காலையில் எழும்ப மாட்டார்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் இதை மட்டும் செய்ய வேண்டாம்.

வாங்குவதற்கு முன் அடுப்பைப் பாருங்கள். கதவைத் திறந்தால் இரும்புக் கம்பித் தட்டும், அதற்குக் கீழே இழுத்தெடுக்கும் சாம்பல் தட்டும் இருக்க வேண்டும். அடி வெறும் தட்டையாக இருந்தால் அது விறகுக்கு மட்டும் செய்த அடுப்பு. விறகு தன் சாம்பல் மேலேயே கிடந்து, மேலிருந்து வரும் காற்றில் எரியும். நிலக்கரிக்குக் காற்று அடியிலிருந்து வரவேண்டும். அதனால்தான் கம்பித் தட்டு.

இனி எதை வாங்குவது. புகை கக்கும் பழைய வீட்டு நிலக்கரியைப் பையில் விற்பது இங்கிலாந்தில் 2021 மே 1 முதல் தடை. பையில்லாமல் நேரே இறக்கி விற்பதும் 2023 மே 1 உடன் முடிந்தது. இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு: 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகை ஐந்து நாள் மூடிக் கிடந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1956இல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் வந்த புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இன்றும் இருக்கின்றன. உங்கள் வீடு அதற்குள் வருகிறதா என்று உள்ளூராட்சிச் சபையின் இணையத்தளத்தில் பாருங்கள். அங்கே புகைபோக்கியில் புகை வந்தால் 300 பவுண் வரை தண்டம். அனுமதியில்லாத எரிபொருளை வாங்கினால் 1,000 வரை.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று அந்த்ரசைட், புகை குறைந்த கடினமான நிலக்கரி. கண்ணாடி போல மினுங்கும், கையில் கறுப்பு அவ்வளவாக ஒட்டாது. பற்றுவதற்கு அழவைக்கும், பற்றிவிட்டால் மணிக்கணக்கில் நிற்கும். பாலை விறகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது ஸ்மோக்லெஸ், அதாவது புகை குறைந்த கட்டிகள்: தூளை அழுத்தி முட்டை வடிவில் செய்தவை. லேசாகப் பற்றும். புதியவர்களுக்கு இதுதான் நல்லது. பையில் 'ரெடி டு பேர்ன்' (எரிக்கத் தயார்) என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்த்ரசைட்டுக்கு அது தேவையில்லை. வாகனத்தில் வீட்டு வாசலுக்கு வந்து, பெயரில்லாத பையை அரை விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். நான் வாங்கினேன். பாதி தூள், மீதி எரிய எரிய வீடெல்லாம் கந்தகம் மணத்தது.

எரிபொருள் நிலையத்தில் பை பையாக வாங்கினால் விலை கூட. அந்தப் பக்கத்து நிலக்கரி வியாபாரி யார் என்று அயலில் கேளுங்கள். கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள், லொறியில் கொண்டுவந்து இறக்குவார்கள். போனில் அடுப்பின் பெயரைச் சொன்னால் எந்த அளவுக் கட்டி பொருந்தும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். முதலில் இரண்டு வகையில் இரண்டிரண்டு பை மட்டும் எடுத்து எரித்துப் பாருங்கள், பிறகு மொத்தமாக. கோடையில் பெரும்பாலும் விலை இறங்கும்; எங்கள் வரிசையில் எல்லோரும் ஆடி ஆவணியிலேயே நிரப்பிவிடுவார்கள். எனக்குக் கடுங்குளிரில் 25 கிலோ பை ஒன்று மூன்று நான்கு நாள் வரும். அதுவும் மாலையில் மட்டும் எரித்து.

இப்போது என் முன்னால் அம்மா கூழ் காய்ச்சுகிறா. பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. எரிகிற இரண்டு கொள்ளியில் ஒன்றை வெளியே இழுத்து நுனியை மண்ணில் இரண்டு தட்டுத் தட்டினா, நெருப்பு அடங்கிவிட்டது. நம் எல்லோருடைய கைக்கும் பழகிய வித்தை இது. இழுத்தால் குறையும், தள்ளினால் கூடும். நிலக்கரியில் இந்தக் கை உதவாது. தணலான கட்டியை எங்கே இழுப்பது? அங்கே நெருப்பை ஆளுவது காற்றுத் துவாரம். கீழ்த் துவாரத்தைத் திறந்தால் எரியும், மூடினால் அடங்கும். சொன்னதைக் கேட்கக் கால்மணி நேரம் எடுக்கும். நாம் அவசரப்பட்டு இன்னும் ஒரு வாளி கொட்டுவோம், பிறகு அறை வெந்துபோய் மார்கழியில் யன்னலைத் திறப்போம்.

பற்றவைக்கப் பன்னாடை கிடையாது. கடையில் ஃபயர்லைட்டர் விற்கிறது. அதன்மேல் காய்ந்த சுள்ளிகள், அவை நன்றாக எரியத் தொடங்கிய பின் ஒரு கை நிலக்கரி, அது சிவந்ததும் இன்னொரு கை. மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம். புதுக் கட்டி போட்ட உடனே துவாரங்களை மூடவும் கூடாது. உள்ளே வாயு தேங்கிக் குப்பென்று பிடிக்கும். சுள்ளியில் பற்றவைத்த பிறகு விறகையும் நிலக்கரியையும் கலந்து எரிக்காதீர்கள். விறகின் ஈரமும் நிலக்கரியின் கந்தகமும் சேர்ந்தால் அமிலமாகிப் புகைக்குழாயைத் தின்னும்.

அடுத்தது புகை. அம்மாவின் குசினிக்கு அரைச்சுவர். சுவருக்கும் கிடுகுக்கும் நடுவில் ஒரு முழம் வெளி, புகை தானாகப் போய்விடும். அங்கத்தைய வீடு மூடி போட்ட போத்தல். நிலக்கரி காற்றுப் போதாமல் எரிந்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வரும். மணமில்லை, நிறமில்லை, கண் எரிவும் இல்லை. என் இரண்டாவது குளிர்காலத்தில் மூன்று நாள் தலையிடி. தடிமன் என்று நினைத்து மல்லித்தண்ணி குடித்துக்கொண்டு, கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டு அடுப்புக்குக் கிட்டவே கிடந்தேன். நான்காம் இரவு இரண்டு மணிக்கு, அந்த வாயுவைக் கண்டால் கத்தும் அலாரம் அடித்தது. பற்றரி முடிந்துவிட்டதாக்கும் என்று அதைக் கழற்றப் போனேன். நல்ல காலம், கதிரையில் ஏறும்போதே கால் தடுமாறியது. அப்போதுதான் விளங்கி வெளியே ஓடினேன். புகைபோக்கி துப்புரவாக்கியாயிற்று என்று வாடகைக்குத் தந்தவர் சொல்லியிருந்தார். ஆள் வந்து பார்த்தபோது உள்ளே காகக் கூடு, இரண்டு வாளி சுள்ளி.

அதனால் குடிபோன அன்றே அலாரத்தைத் தேடுங்கள். 2015 முதலே, நிலக்கரியோ விறகோ எரிக்கும் அடுப்புள்ள அறையில் வீட்டுச் சொந்தக்காரர் அதை வைத்துத் தரவேண்டும் என்பது சட்டம். முதுகில் முடிவுத் திகதி போட்டிருக்கும், பாருங்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அமத்திப் பாருங்கள். புகைபோக்கி துப்புரவாக்கிய சான்றுத்தாளைக் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. வருடம் ஒருமுறையாவது புகைபோக்கியைத் துப்புரவாக்க வேண்டும். சுவரில் குளிர்காற்று வரும் ஓட்டை இருந்தால் துணி அடைக்க வேண்டாம், அது அடுப்புக்கு வைத்த ஓட்டை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, சத்தி, வெளியே போனால் சுகம் என்றால் அது காய்ச்சல் இல்லை. கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 999க்கு அடியுங்கள்.

சாம்பலைத் தினமும் தட்டுங்கள். தட்டு நிரம்பிக் கம்பியைத் தொட்டால் கம்பி வளைந்துவிடும். மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி வெளியே ஒரு நாளாவது வையுங்கள். என்னோடு வேலை செய்த பெடியன் ஒருவன் ஆறிவிட்டது என்று பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினான். காலையில் தொட்டியில் மிஞ்சியது இரண்டு சில்லும் ஒரு பிடியும்தான். கத்தரிக்கும் மிளகாய்க்கும் சாம்பல் போடுகிற பழக்கத்தில் நிலக்கரிச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டவும் வேண்டாம். விறகுச் சாம்பல் என்றால் சரி.

கடைசியாக, மூன்று தாய்மாரும் கேட்டது: அதில் சோறு காய்ச்சலாமா? மேற்பக்கம் தட்டையான அடுப்பென்றால் கேத்தில் வைக்கலாம், பருப்பு அவிக்கலாம். சோறு சரிவராது, சூட்டை உடனே குறைக்க முடியாமல் அடிப்பிடிக்கும். ஆனால் ஒடியல் மா அனுப்பிவிடுங்கள். மெல்லிய சூட்டில் இரண்டு மணி நேரம் கூழ் வைக்க அதைவிட நல்ல அடுப்பு எனக்குக் கிடைக்கவில்லை.