மறுமொழி: ‘கோ-அரவுண்ட்’ தமிழில் எப்படி?

வணக்கம்.

தரையிறங்க வந்த விமானம் இறங்காமல் மறுபடி மேலே எழும்புவதுதான் ‘கோ-அரவுண்ட்’. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்ட இந்த இழையில் வந்த ‘தரையிறக்கக் கைவிடல்’, ‘இறக்கத் தவறல்’ இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. இரண்டிலும் தோல்வியின் வாடை அடிக்கிறது. விமானிகளுக்கு இது அன்றாடப் பயிற்சியில் உள்ள செயல். இறங்கத் தொடங்கும் முன்பே, தேவைப்பட்டால் எப்படி மேலே போவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்கிறார்கள்.

மேகமூட்டத்தில் இறங்கும்போது 1,000 அடி உயரத்துக்குள் வேகம், இறங்கும் வீதம், சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் நீளும் மடிப்புத் தகடு) எல்லாம் சரியாக அமைந்துவிட வேண்டும் என்பது பரவலான விதி. அமையவில்லையா, ‘கோ-அரவுண்ட்’ என்று ஒரு குரல். எஞ்சின் விசை கூடும், மூக்கு நிமிரும், ஃபிளாப் ஒரு படி உள்ளே போகும். விமானம் ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை மடக்குவார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்வதெல்லாம் அப்புறம்தான். முந்தைய விமானம் ஓடுபாதையை விட்டு விலகாவிட்டாலும் இதையேதான் செய்வார்கள். மறுபடியும் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் அரை மணி நேரம் பறக்கவும் எரிபொருள் கையிருப்பில் இருக்கும்.

2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயலின்போது, சென்னையில் ஒரு விமானம் ஓடுபாதைக்கு மிக அருகே வந்து ஆடி, மறுபடி மேலே போன காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலர் அதை ‘நூலிழையில் தப்பியது’ என்றே பகிர்ந்தார்கள். விமானி செய்ததோ சரியான காரியம்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மங்களூர் விபத்து இருக்கிறது. 2010 மே 22 அன்று அங்கே இறங்க வந்த விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வந்தது. துணை விமானி ‘கோ-அரவுண்ட்’ சொல்லியும் கேப்டன் இறக்கினார். ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். மேலே போவதைத் தோல்வியாக நினைக்கும் மனம் எவ்வளவு ஆபத்தானது! அதனால்தான் பல நிறுவனங்கள் இதற்காக விமானியைக் கேள்வி கேட்பதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கின்றன. நாம் ஆக்கும் சொல்லிலும் பழி ஒட்டக்கூடாது.

‘சுற்றிவரல்’ என்றால் வானில் வட்டமிட்டுக் காத்திருப்பதோடு குழம்பும். ‘மீளேற்றம்’ மின்கலத்துக்குப் போய்விட்டது. என் பரிந்துரை ‘மீளெழும்பல்’. ‘விமானம் மீளெழும்பியது’ என்று வினையாகவும் செய்தியில் இயல்பாக உட்காரும்.

‘மிஸ்டு அப்ரோச்’ வேறு. அது மேலே போனபின் பறக்க வேண்டிய, வரைபடத்தில் அச்சிட்ட பாதை. அதைத் தனி இழையில் பேசுவோம்.