[கலைச்சொல்] ரீகேப்பிங்குக்குத் தமிழில் என்ன? திங்களுக்குள் வேண்டும்

மடல் 1: திருச்சி, பாலிடெக்னிக் விரிவுரையாளர்

குழுவினருக்கு வணக்கம்.

திங்கட்கிழமை காலை என் மாணவர்களுக்கு ஒரு செய்முறை வகுப்பு. கையேட்டைத் தமிழில் எழுதிவருகிறேன். எல்லாம் முடிந்தது, தலைப்பில் நின்றுவிட்டேன்.

போன மாதம் 1970களின் கடைசியில் வந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். முன்பக்கம் அலுமினியம், பக்கவாட்டில் மரம், பார்க்க அத்தனை அழகு. ஆனால் போட்டவுடன் பாட்டுக்கு அடியில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாக முழு அலையில் திருத்தும்போது அது 100 ஹெர்ட்ஸ் அலையாக வரும். அதை அடக்கவேண்டிய பெரிய மின்தேக்கிகள் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டர்கள்) தளர்ந்துவிட்டன. உள்ளே அலுமினியத் தாள், அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம், இடையே திரவத்தில் ஊறிய காகிதம். ரப்பர் மூடி வழியாக அந்தத் திரவம் ஆண்டுக்கணக்கில் கசிந்து ஆவியாகிறது. தேக்கும் திறன் குறைகிறது, உள்தடை ஏறுகிறது.

ஒன்று போய், அதை மட்டும் மாற்றினால் அது பழுதுபார்த்தல். நான் கேட்பது வேறு. இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றையும் சேர்த்து, வயதான மின்தேக்கிகள் அத்தனையையும் ஒரே மூச்சில் கழற்றிப் புதியவை வைப்பதைத்தான் ரீகேப்பிங் என்கிறார்கள். சூட்டுக்கோலைக் கையில் பிடித்திருக்கும் பையன் தயங்காமல் சொல்லக்கூடிய சொல்லாக வேண்டும்.

மடல் 2: மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, முதலில் 'மின்தேக்கி'யைப் பார்ப்போம். தேங்கு தன்வினை, தேக்கு பிறவினை. அதோடு கருவிப்பொருளில் வரும் இகர விகுதி. மண்வெட்டி, காற்றாடி போல. குற்றமே சொல்ல முடியாத ஆக்கம். நிறைந்து நிற்பதுதான் 'தேக்கு' என்பதன் அடிப்பொருள். உண்டது நிறைந்து மேலெழும் ஏப்பத்துக்கும் தேக்கு என்ற பெயர் உண்டு. நீரைத் தன்னுள் தேக்கி வைப்பதால்தான் மரத்துக்கும் அப்பெயர் வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். அந்த மரத்தின் பெயரே மலையாளக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்தில் டீக் ஆனது. உங்கள் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயரின்) பக்கவாட்டு மரமும் தேக்காக இருந்தால் மகிழ்வேன்.

இனி உங்கள் சொல். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூலின் கடைசி நூற்பா நமக்கு வழிகாட்டி வைத்திருக்கிறது. அங்கிருந்து 'கழிபுகுத்தல்' என்று ஆக்கலாம். இரண்டு செயலும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

மடல் 3: சென்னை, ரிச்சி தெரு, ரிப்பேர் கடை

சார், ஐயா, வணக்கம். நாங்கள் சொல்வது 'கண்டன்சர் மாத்துறது'. ஃபேன் ஆனாலும் மோட்டார் ஆனாலும் ஆம்ப் ஆனாலும் கண்டன்சர்தான். மொத்தமாக மாற்றினால் 'ஃபுல் கண்டன்சர் சேஞ்ச்'. ஐயா சொன்ன சொல்லைக் கடையில் சொன்னால், கழிகிறது என்றாலே வயிற்றுப்போக்குதான் நினைவுக்கு வரும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. போர்டில் இருப்பதையெல்லாம் மாற்றக் கூடாது. பாலியெஸ்டர், மைக்கா கண்டன்சர் இரண்டும் காய்வதில்லை, நாற்பது வருடம் கழித்தும் நன்றாக இருக்கும். பையன்கள் 'எல்லாம்' என்று படித்துவிட்டு அவற்றையும் பிடுங்கிப்போடுவார்கள், கூடவே பழைய போர்டின் செம்பும் பெயர்ந்து வரும். சொல் எதுவானாலும் அது எலக்ட்ரோலிடிக்கை, அதாவது சார் சொன்ன திரவம் உள்ள வகையை மட்டும் குறிக்க வேண்டும்.

மடல் 4: யாழ்ப்பாணம், பௌதிகவியல் ஆசிரியை

வணக்கம். நீங்கள் எல்லோரும் மின்தேக்கியை முடிந்த விடயமாக வைத்துப் பேசுகிறீர்கள். இங்கே நாங்கள் உயர்தர வகுப்பில் 'கொள்ளளவி' என்றுதான் படிப்பிக்கிறோம். ஆம்ப்ளிஃபயருக்கு 'விரியலாக்கி'. கப்பாசிற்றர் என்ற பெயரே கொள்ளும் திறன் என்ற பொருளில் வந்தது. கண்டென்சர் அதற்கும் முந்தியது; வோல்ட்டா 1782-இல் வைத்த பெயர். மின்சாரம் ஒரு பாய்பொருள், அதை ஒடுக்கி அடர்த்தியாக்கலாம் என்று எண்ணிய காலத்துச் சொல் அது. கொள்ளளவி அந்தப் பிழையைச் சுமக்கவில்லை. 'கொள்ளளவி மாற்றீடு' என்று சொன்னால் இங்கே எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

மடல் 5: மதுரை

அம்மா, வோல்ட்டாவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஆனால் 'அளவி' என்றால் அளப்பது. கொள்ளளவி என்றதும் கொள்ளளவை அளக்கும் கருவி என்றே என் காது கேட்கிறது. பெயர்ச்சொல்லோடு இகரத்தை ஒட்டுவதும் எனக்கு உவப்பில்லை.

மடல் 6: யாழ்ப்பாணம்

ஐயா, ரெசிஸ்டருக்கான தடையி என்ற சொல்லும் அப்படித்தான் ஆனது. தடை, தடையி, கொள்ளளவு, கொள்ளளவி. பரீட்சை எழுதிய தலைமுறைகளுக்கு அதில் ஒரு மயக்கமும் வந்ததில்லை. உங்கள் பக்கத்துச் சொல்லில் மட்டும் மயக்கம் இல்லையா? 'பெருக்கி' கணக்கிலும் வருகிறது. 'ஒலிபெருக்கி' என்றால் உங்களுக்கு ஸ்பீக்கர், பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அல்ல. கடையில் போய் 'பழைய ஒலிபெருக்கி வேண்டும்' என்று கேட்டால் எதை எடுத்துத் தருவார்கள்?

மடல் 7: தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்

தேக்கி என்று வந்தபிறகு ஏரி, குளத்துச் சொற்களை விட்டுவிட்டு ஏன் வெளியே தேடுகிறோம்? தேங்குமிடம் காலத்தால் கொள்ளளவு குறைந்து போவதை எங்கள் ஊரில் தூர்ந்துபோதல் என்போம். அதைச் சரிசெய்வது தூர்வாரல். குளம் உடைந்தபிறகு யாரும் தூர்வாருவதில்லை, குளம் நன்றாக இருக்கும்போதே, கோடையில் நீர் வற்றியதும் முறைவைத்துச் செய்வது. திருச்சி ஆசிரியர் கேட்ட வேறுபாடு இதில் அப்படியே இருக்கிறது. 'தேக்கி தூர்வாரல்' என் முன்மொழிவு. எந்தப் பையனுக்கும் விளக்கத் தேவையில்லை.

மடல் 8: திருச்சி

படித்ததும் மனம் துள்ளியது, உண்மையாகச் சொல்கிறேன். இரவெல்லாம் யோசித்தேன். ஆனால் தூர்வாரினால் குளம் அதே குளம். இங்கே குளத்தையே தூக்கிவிட்டு வேறொன்றை வைக்கிறோம். இன்னொரு சிக்கல். பல ஆண்டு சும்மா கிடந்த மின்தேக்கிக்கு மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றினால் நைந்த ஆக்சைடு படலம் மறுபடி உருவாகும். அதை ரீஃபார்மிங் என்கிறார்கள். பழையதையே மீட்கும் வேலை அதுதான். தூர்வாரல் இதற்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

மடல் 9: தஞ்சாவூர்

அதற்குப் பொருந்தாது. அங்கே எதையும் வாரி வெளியே கொட்டவில்லை, படலத்தை வளர்க்கிறீர்கள். அதற்குப் 'படலமீட்பு' வைத்துக்கொள்ளுங்கள். தூர்வாரலை ரீகேப்பிங்குக்கே விடுங்கள். காய்ந்ததை அகற்றி இழந்த கொள்ளளவை மீட்கிறோம், உவமைக்கு அவ்வளவு போதும்.

மடல் 10: சென்னை

சொல் வரட்டும் சார். அதற்குள் இதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே சார்ஜ் இருக்கும். 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்றால் பன்னிரண்டரை ஜூல். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யக் கூடாது. ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்தபிறகுதான் கை வைக்க வேண்டும். புதியது வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி போட்டது. பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். வேலை முடிந்ததும் நேராக மெயினில் போடாமல் சீரியஸ் பல்ப் (மின்பாதையில் தொடராக இணைத்த குண்டுபல்ப்) வழியாகக் கொடுங்கள். பல்ப் மின்னி மங்கினால் சரி, விடாமல் பளிச்சென்று எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மடல் 11: திருச்சி, ஞாயிறு இரவு

அச்சகத்துக்கு இப்போது அனுப்பியாக வேண்டும். நேற்றிரவு கேட்டதற்குப் பதில் எழுதிய ஆறு பேரில் நால்வர் 'மின்தேக்கிப் புதுப்பித்தல்' போதும் என்றார்கள், அவர்களில் இருவர் 'போதும், விடுங்கள்' என்றே எழுதினார்கள். ஒருவர் தூர்வாரல், ஒருவர் கொள்ளளவி மாற்றீடு. தலைப்பில் அந்த நால்வரின் சொல்லை வைத்து, கீழே 'காய்ந்த மின்பகு (எலக்ட்ரோலிடிக்) மின்தேக்கிகளை மட்டும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். ரீகேப்பிங் என்பதையும் ஒருமுறை தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ரிச்சி தெரு அண்ணன் சொன்னது முதல் பக்கத்தில் முழுதாக இருக்கிறது.

மடல் 12: யாழ்ப்பாணம்

வகுப்பு நன்றாக நடக்கட்டும். என் மறுப்பை மட்டும் பதிந்து வைக்கிறேன். புதுப்பிக்கப்படுவது விரியலாக்கி. கொள்ளளவி புதுப்பிக்கப்படவில்லை, குப்பைக்குப் போகிறது. உங்கள் சொல் அதை மாற்றிச் சொல்கிறது. தூர்வாரலுக்கு நீங்கள் சொன்ன தடை இதற்கும் உண்டு.

மடல் 13: மதுரை

அச்சுக்குப் போயிற்றா தம்பி? போகவில்லை என்றால் அந்தப் 'ப்' வேண்டாம். மின்தேக்கியைப் புதுப்பித்தல், இரண்டாம் வேற்றுமைத் தொகை. கதை கேட்டல், தமிழ் கற்றல் போல வலி மிகாது. மின்தேக்கி புதுப்பித்தல் என்று திருத்திவிடுங்கள்.