பதில்: ‘வளைய இனம்’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

> ‘Ring species’ என்ற உயிரியல் கலைச்சொல்லுக்குத் தமிழில், ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே ‘வளைய இனம்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் செய்தியில் பாதிதான் அதில் வருகிறது. கலிபோர்னியாவின் என்சாட்டினா சாலமாண்டரை, பல்லி போன்ற உருவமுள்ள ஒரு நீர்நில வாழ்வியை, எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நுரையீரல் கிடையாது, தோல்வழியேதான் மூச்சு. ஈரம் போனால் உயிர் போயிற்று. வறண்ட மத்தியப் பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்க வழியில்லாமல், வடக்கிலிருந்து கடலோர மலைகள் வழியே ஒரு கிளையும் கிழக்கே சியரா நெவாடா மலைகள் வழியே மற்றொரு கிளையுமாகத் தெற்கே இறங்கியது. இயற்கைத் தேர்வு இரு பக்கமும் வேறு வேறு உருவம் கொடுத்தது. உள்மலைக் கிளைக்கு, உருவத்தைக் கலைத்து மறைக்கும் பெரிய திட்டுகள். கடலோரத்தில் ஒரு கூட்டம், நியூட் என்ற நஞ்சுள்ள வேறொரு சாலமாண்டரைப் போலவே மஞ்சள் கண்ணும் ஆரஞ்சு வயிறுமாக ஆகிவிட்டது.

வளையம் நெடுகப் பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்கள் கலக்கின்றன. தென்கோடியில், சான் டியேகோ பக்கத்து மலைகளில், இரு கிளைகளும் ஒரே காட்டில் எதிர்ப்படுகின்றன. அங்கே கலப்பு அரிது, சில இடங்களில் இல்லவே இல்லை. 1949இல் விலங்கியலாளர் ராபர்ட் ஸ்டெபின்ஸ் விளக்கியது இதைத்தான். முனைகள் சந்தித்தும் கூடவில்லை. கலைச்சொல்லில் இது ஒலிக்க வேண்டும் என்பது என் கட்சி.

‘அந்தாதி இனம்’ என்று நண்பர் சொன்னது அழகு. ஆனால் அந்தாதியில் முடிவே தொடக்கமாகிவிடும். இங்கே ஒரு முனை மற்றதை ஏற்பதே இல்லை.

என் பரிந்துரை: கூடாவளையம்.

நம் இலக்கியத்தில் வரும் கூடல் இழைத்தலை நினைத்துப் பாருங்கள். பிரிந்திருப்பவள் கண்ணை மூடி மணலில் வட்டம் வரைவாள். முனைகள் கூடினால் தலைவன் வருவான். கோடு கூடுவதற்கும் உயிர்கள் கூடுவதற்கும் நமக்கு ஒரே சொல். இவ்வளவு பொருத்தமாக வேறு எங்கே கிடைக்கும்?

‘இனம்’ இல்லாததும் நல்லதே. ‘Species’ என்பதற்குத் தமிழகப் பாடநூலில் சிற்றினம், இலங்கையில் இனம் என்ற சிக்கல் ஒருபுறம். என்சாட்டினா ஒரே சிற்றினமா, பலவா என்பதே அறிஞர்களிடையே இன்னும் வழக்கு. பெயரே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

‘கூடா’ என்றதும் கூடாவொழுக்கம், கூடாநட்பு நினைவுக்கு வந்து ‘தகாத’ என்று படிப்பார்களோ என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. ‘வளையம்’ சேரும்போது வடிவம் முன்னுக்கு வந்து அது விலகிவிடும் என்றே நினைக்கிறேன்.

‘என்சாட்டினா ஒரு கூடாவளையம்’ என்று எழுதிப் பார்த்தேன், இயல்பாக இருக்கிறது. ‘கூடாவளையச் சிற்றினமாக்கம்’ (ring speciation) என்பதுதான் நாவில் இடறுகிறது. அதைச் சுருக்க வழியிருந்தால் சொல்லுங்கள்.