'டார்க் ஃபிரேம்' தமிழில் என்ன? (வெள்ளி மதியத்துக்குள் வேண்டும்)

அனுப்புநர்: ம.செ.
திங்கள் இரவு

அவையோருக்கு வணக்கம்.

தை அமாவாசை இரவில் ஜவ்வாது மலை அடிவாரத்துப் பள்ளி ஒன்றில் விண்வெளிப் படமெடுக்கும் பயிற்சி வைத்திருக்கிறோம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். தொலைநோக்கி கிடையாது. ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸ், முக்காலி, அவ்வளவுதான். எட்டுப் பக்கக் கையேடு வெள்ளி மதியம் அச்சகத்துக்குப் போகிறது. லைட், டார்க், ஃபிளாட், பயாஸ் என்ற நான்கு வகைப் படங்களுக்கான தமிழ்ச் சொற்கள் தவிர மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது.

இத்துறையில் இல்லாதவர்களுக்கு: ஓரியன் நெபுலா போன்ற மங்கலான பொருள் ஒரே படத்தில் சிக்காது. பூமி சுழல்கிறது, அசையாத முக்காலியில் ஐந்தாறு நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடாக இழுபடும். ஆகவே ஐந்து நொடிப் படங்கள் 200 எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறோம். இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகத் தெரியும் பொட்டுப் பொட்டான கறை, ஏறத்தாழ 14 மடங்கு தணியும் (200இன் வர்க்கமூலம்).

இப்படி வானத்தைப் பார்த்து எடுப்பது லைட். லென்ஸுக்கு மூடி போட்டு, அதே நொடி, அதே ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு), அதே வெப்பநிலையில் எடுப்பது டார்க். சென்சாரின் சூடே கிளப்பிவிடும் பொய்ப்புள்ளிகள் இதில் பதியும், லைட்டிலிருந்து கழித்துவிடலாம். லென்ஸ்மேல் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டிச் சீரான வெளிச்சத்தில் எடுப்பது ஃபிளாட். ஓரங்கள் கருத்துப் போவதும் தூசுத் தடமும் இதில் தெரியும், இதனால் லைட்டை வகுக்க வேண்டும். மூடி போட்டு, கேமராவால் முடிந்த மிகக் குறுகிய நேரத்தில் எடுப்பது பயாஸ். கேமரா எல்லாப் படத்திலும் தானாகவே சேர்க்கும் அடிப்படை அளவு மட்டும் இதில் பதியும்.

லைட்டுக்கு ஒளிப்படம் என்று எழுதினேன். "எல்லாமே ஒளிப்படம்தானே மிஸ்" என்றாள் ஒருத்தி. டார்க்குக்கு இருட்டுப்படம் என்றேன். "பேய்ப் படமா?" என்று வகுப்பே சிரித்தது. கைகொடுங்கள்.

அன்புடன்
ம.செ.

— — —

அனுப்புநர்: ந.கு.
செவ்வாய் காலை

அம்மா, வாழ்த்துகள். ஒளி, இருள் என்றே சுற்றிவருவானேன்? 'எல்லே இலக்கம்' என்பது தொல்காப்பியம். எல் என்றால் ஒளி, கதிரவன், பகல். அல் என்றால் இருள். 'அல்லும் பகலும்' என்று இன்றும் சொல்கிறோம். ஆக, எல் + படம் = எற்படம்; அல் + படம் = அற்படம். இரண்டசைக் குறுக்கம், எதுகையும் அமைகிறது. பிள்ளைகளுக்கு மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இருள் என்பதன் வேரையும் சொல்லி வைக்கிறேன். இர் என்பது கருமை. இரா, இருள், இருந்தை (கரி), இரும்பு எல்லாம் அதன் வழிவந்தவை. இரும்பு கரும்பொன் எனப்பட்டதை நினைக. எருமையையும் இதில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. அது தனி மடலாகும்.

ந.கு.

— — —

அனுப்புநர்: ர.பி.
செவ்வாய், அலுவலக இடைவேளை

> ஆக, எல் + படம் = எற்படம்; அல் + படம் = அற்படம்.

புலவர் ஐயா, மன்னிக்க வேண்டும். 'அற்படம்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பாடுபட்டு மூடிபோட்டு எடுத்த படத்தை அற்பம் என்கிறோமோ என்று இருக்கிறது. மேலும் எல் ஒளி என்றால் எல்லி எப்படி இரவு ஆயிற்று?

நடைமுறையில் ஒரு சிக்கல். பிள்ளைகள் படங்களைச் சேர்க்கப் போவது சிரில் என்ற இலவச மென்பொருளில் என்று நினைக்கிறேன். அதிலுள்ள தானியங்கு ஸ்கிரிப்ட் லைட்ஸ், டார்க்ஸ், ஃபிளாட்ஸ், பயாஸஸ் என்ற நான்கு கோப்புறைகளை ஆங்கில எழுத்தில், அதே பெயரில் தேடும். கோப்புறைக்கு எற்படம் என்று பெயர் வைத்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அந்த நான்கு சொல்லையும் பிள்ளைகள் எப்படியும் கற்கத்தான் வேண்டும். பிறகு எதற்கு இன்னொரு சுமை? டார்க் என்றே விடுங்கள். பஸ், லென்ஸ், கேமரா எல்லாம் நம் நாவில் இல்லையா?

ர.பி., பெங்களூரு

— — —

அனுப்புநர்: ந.கு.
செவ்வாய் மாலை

கோப்புறையின் பெயர் கணினிக்கு. கலைச்சொல் மனிதனுக்கு. பஸ் நாவில் இருக்கிறது, உண்மை, பேருந்தும் இருக்கிறது. அதை எழுதத் தொடங்கியபோதும் சிரித்தார்கள். எல்லிக்கு விளக்கம் நாளை எழுதுகிறேன்.

ந.கு.

— — —

அனுப்புநர்: சி.யோ.
செவ்வாய் நள்ளிரவு (இஞ்ச மத்தியானம்)

செ. அக்கா, நான் ரொறன்ரோவில வீட்டுப் பின்வளவில நின்று படம் எடுக்கிற ஆள். இஞ்ச தை மாதம் கமராவே விறைச்சுப் போகும். டார்க்கில புள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேணும். சென்சாரின்ர சூடு ஆறு பாகை அளவுக்கு ஏறினா இந்தப் பொய்ச் சைகை இரட்டிக்கும் என்று சொல்லுவினம். உங்கட ஊர் இரவில சிவப்பும் பச்சையும் நீலமுமாய்க் கொட்டிக் கிடக்கும். ஆகவே உங்களுக்குத்தான் இந்தச் சொல் கூடத் தேவை.

நான் பெடியளுக்குச் சொல்லிக்குடுக்கேக்க 'மூடிப்படம்' என்றுதான் சொல்லுவன். மூடியைப் போடு, படத்தை எடு. விளங்கப்படுத்தவே தேவையில்லை. 'ஒளி' என்று பேர் வைச்சால் ஒளி என்ன என்று கேப்பினம். மூடி எல்லாருக்கும் தெரியும்.

புலவர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: மூடிப்படமா, மூடுபடமா?

சி.யோ.

— — —

அனுப்புநர்: ந.கு.
புதன் அதிகாலை

> மூடிப்படமா, மூடுபடமா?

நல்ல கேள்வி. மூடி என்ற பெயரோடு படம் சேர்ந்தால் ஒற்று மிகும்: மூடிப்படம். மூடுபடம் என்றால் வினைத்தொகை; மூடிய படம், மூடுகிற படம், மூடும் படம் என முக்காலமும் காட்டும்; அங்கே வல்லினம் மிகாது. மூடுபனி, ஊறுகாய், சுடுகாடு போல. கருவியின் பெயரால் சொல்வதைவிடத் தொழிலின் பெயரால் சொல்வது தமிழுக்கு இயல்பு. அற்படத்தைக் கைவிடுவதானால் மூடுபடத்துக்கு என் ஒப்புதல் உண்டு.

ந.கு.

— — —

அனுப்புநர்: ர.பி.
புதன் காலை

மூடிப்படம் எனக்கும் பிடித்தது, ஐந்து நிமிடத்துக்கு. பிறகு நினைவுக்கு வந்தது: பயாஸும் மூடி போட்டுத்தான் எடுக்கிறோம். இரண்டும் மூடிப்படமே. நெடுமூடி, குறுமூடி என்று பிரிக்கலாமா? மலையாள நடிகர் பெயர்போல் ஆகிவிடும்.

ர.பி.

— — —

அனுப்புநர்: வ.சு.
புதன் மதியம்

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். படக்கலை தெரியாது. ம.செ. எழுதியதைப் படித்தபோது பட்டது: ஒன்றைக் கழிக்கிறீர்கள், ஒன்றால் வகுக்கிறீர்கள். அப்படியே பெயர் வைத்தால் என்ன? டார்க் கழிபடம். ஃபிளாட் வகுபடம். இரண்டும் வினைத்தொகை, புலவரும் மறுக்க மாட்டார். பெயரைக் கேட்டதுமே என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பெயரிலேயே சூத்திரம்.

வ.சு.

— — —

அனுப்புநர்: ர.பி.
புதன், சற்று நேரம் கழித்து

ஐயா, இந்த இழையிலேயே உருப்படியான யோசனை இதுதான். வகுபடம் அருமை. கழிபடத்தில் மட்டும் ஒரு நுணுக்கம். டார்க்குக்குள் பயாஸ் ஏற்கெனவே அடக்கம். லைட்டிலிருந்து இரண்டையும் தனித்தனியே கழித்தால் இருமுறை கழித்ததாகும். பயாஸைக் கழிக்க வேண்டியது ஃபிளாட்டிலிருந்து. ஆக அதுவும் ஒரு கழிபடமே. இருந்தாலும் மூடிப்படத்தைவிட இது மேல்.

— — —

அனுப்புநர்: ம.செ.
புதன் இரவு

வ.சு. ஐயாவுக்கு நன்றி. வகுபடத்தை இன்றே வகுப்பில் சொன்னேன், தயக்கமில்லாமல் பிடித்துக்கொண்டார்கள். கழிபடம் என்றதும் பின்வரிசையில் ஒருவன் 'கழிப்பறை' என்றான். பிறகு பாடம் நடக்கவில்லை.

லைட்டுக்கு வான்படம் என்று வைக்கலாமா?

— — —

அனுப்புநர்: ந.கு.
வியாழன் காலை

கழிபடத்தை எள்ளுபவர்களுக்கு: 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்' என்பது நன்னூல். கழி என்பது மிகுதிப்பொருளும் தரும். கழிபேருவகை என்கிறோமே. அந்த மாணவனுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அதே காரணத்தால் கழிபடம் 'மிகச் சிறந்த படம்' என்றும் பொருள்படும் என்பதால் எனக்குத் தயக்கம்.

இன்னொன்று. இங்கே எல்லாரும் 'படம்' என்பதைக் கேள்வி கேட்காமல் ஏற்றிருக்கிறீர்கள். டார்க் எதன் படமும் அன்று. அதில் உருவே இல்லை. பதிவு என்பதே பொருந்தும். 'இரைச்சல்' பற்றியும் கேட்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது இரைச்சலாகுமா?

— — —

அனுப்புநர்: சி.யோ.
வியாழன்

இனிப் புகைப்படம் எண்டதில புகை எங்க எண்டு தொடங்கப் போறியள்.

— — —

அனுப்புநர்: ந.கு.
வியாழன்

தொடங்குவதில் தவறில்லை. மக்னீசியத் தூளைக் கொளுத்திப் படமெடுத்த காலத்துப் புகை என்பார் ஒருசாரார். நான் நிழற்படம் என்றே எழுதிவருகிறேன். அப்படிப் பார்த்தால் லைட்டுக்கு ஒளிப்படம் என்று ம.செ. முதலில் எழுதியதே சரி. மற்றதையெல்லாம் நிழற்படம் என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. குழப்பம் நாட்டில் பாதிப்பேர் கேமராவில் எடுப்பதற்கெல்லாம் ஒளிப்படம் என்று சொல்லத் தொடங்கியதால் வந்தது.

— — —

அனுப்புநர்: மட்டுறுத்துநர்
வியாழன் மாலை

நண்பர்களே, புகைப்படம்–நிழற்படம்–ஒளிப்படம் பற்றி இக்குழுமத்தில் முன்பே நடந்த இழைகள் ஆவணத்தில் உள்ளன. அங்கே தொடர வேண்டாம் என்பதும் அங்கேயே உள்ளது. எருமை பற்றிய மடலையும் இந்த இழையில் தவிர்க்கவும். ம.செ.வுக்கு நாளை மதியம் வரைதான் நேரம்.

— — —

அனுப்புநர்: ர.பி.
வியாழன் இரவு

> லைட்டுக்கு வான்படம் என்று வைக்கலாமா?

வைக்கலாம். ஃபிளாட்டையும் விடியல் வானத்தைப் பார்த்து எடுப்பவர்கள் உண்டு. ஆனால் உங்கள் பயிற்சியில் பனியன், மடிக்கணினித் திரை என்று முடித்துக்கொள்வதால் பிரச்சினை வராது.

டார்க்குக்கு என் வாக்கு இன்னும் டார்க். தமிழ்தான் வேண்டும் என்றால் இருட்படம். அழகில்லை, ஆனால் மென்பொருளில் டார்க் என்று பார்க்கும் பிள்ளை இருட்படத்தோடு அதைத் தானே இணைத்துக்கொள்ளும். கழிபடமும் மூடிப்படமும் அதைவிட நன்றாக விளக்குகின்றன. ஆனால் திரையில் அந்தச் சொல்லுக்கு இணை இல்லை. பயாஸுக்கு என்னிடம் எதுவும் இல்லை. சாய்வு என்று அகராதியைப் பார்த்து எழுதிவிடாதீர்கள், அங்கே எதுவும் சாயவில்லை. அடித்தளம் என்ற பொருளில் ஏதாவது வரலாம்.

— — —

அனுப்புநர்: சி.யோ.
வெள்ளி காலை

இருட்படத்துக்குச் சரி. வாயால சொல்லேக்க நான் மூடிப்படம் எண்டுதான் சொல்லுவன், யாரும் தடுக்க ஏலாது.

— — —

அனுப்புநர்: ம.செ.
வெள்ளி மதியம்

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் போனவை: வான்படம், இருட்படம், வகுபடம். பயாஸ் பயாஸாகவே போயிற்று. இருட்படம் முதலில் வரும் இடத்தில் 'மூடி போட்டு எடுப்பது. வான்படத்திலிருந்து கழிக்க' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கோப்புறைப் பெயர்களை ர.பி. சொன்னபடி தனிக்கட்டத்தில் ஆங்கிலத்தில் போட்டாயிற்று.

— — —

அனுப்புநர்: ந.கு.
வெள்ளி இரவு

இருட்படத்தை நான் ஏற்கவில்லை என்பது பதிவாகட்டும். வகுபடத்துக்கு ஃபிளாட்டோடு என்ன பொருளுறவு இருக்கிறதென்று அதை ஏற்றீர்கள்? அங்கே கருத்தால் பெயர், இங்கே மொழிபெயர்ப்பால் பெயர். ஒரே பக்கத்தில் இரண்டு நெறி.

நீங்கள் அனுப்பிய படியில் ஆறாம் பக்கத்தில் 'அடுக்குப்படம்' என்று கண்டேன். அடுக்கிய படம் என்ற பொருளானால் வினைத்தொகை, ஒற்று மிகாது. அடுக்கு என்ற பெயரானால் மிகும். எதைக் கருதினீர்கள்?

— — —

அனுப்புநர்: ம.செ.
வெள்ளி இரவு

அச்சாகிவிட்டது ஐயா.

— — —

அனுப்புநர்: வ.சு.
சனி காலை

கணக்கில் அடுக்கு என்றால் வேறு பொருள். படிமேல் படி. இதைத் தனி இழையாகத் தொடங்கலாமா?