கேமரா, மைக், ஸ்பீக்கர் தேர்வு: செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

முதல் பதிவு

காணொளி உரையாடலுக்கான இணையச் செயலி ஒன்றில், பயனரே தமது கேமரா, மைக், ஸ்பீக்கர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியை அண்மையில் சேர்த்தோம். மூன்று பட்டியல்களைத் திரையில் வைப்பது எளிது. பட்டியலில் தெரியும் பெயரும் உண்மையில் இயங்கும் கருவியும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலையின் பெரும்பகுதி.

பயனர் அனுமதி தருவதற்கு முன், கணினியில் உள்ள கருவிகளை உலாவியிடம் கேட்கும் ‘எனுமரேட்டிவைசஸ்’ (enumerateDevices) அழைப்பு கருவிகளின் பெயர்களை வெறுமையாகவே தரும். பெயர்களை வைத்து ஒருவரைத் தளம் தளமாகப் பின்தொடர முடியும் என்பதால் வந்த கட்டுப்பாடு இது, குறை சொல்வதற்கில்லை. எனவே கேமராவையும் மைக்கையும் திறக்கக் கேட்கும் ‘கெட்யூசர்மீடியா’ (getUserMedia) மூலம் அனுமதி பெற்ற பிறகே பட்டியலை மீண்டும் கேட்டு நிரப்புகிறோம்.

ஒவ்வொரு கருவிக்கும் உலாவி தரும் அடையாளக் குறி அந்தத் தளத்துக்கு மட்டுமே உரியது. பயனர் குக்கீகளை அழித்தால் அதுவும் மாறிவிடும். சேமித்து வைத்த பழைய குறியை ‘எக்ஸாக்ட்’ என்று கட்டாயப்படுத்திக் கேட்டால், அந்தக் கருவி இல்லாதபோது ‘ஓவர்கன்ஸ்ட்ரெயிண்ட்எரர்’ என்ற பிழைதான் கிடைக்கும். ஆகவே சேமித்த தேர்வை ‘ஐடியல்’ என்று விருப்பமாகவும், பயனர் அப்போதே சொடுக்கியதை மட்டும் ‘எக்ஸாக்ட்’ என்றும் கேட்கிறோம். ‘ஐடியல்’ என்று கேட்கும்போது உலாவி வேறொன்றைத் தரக்கூடும் என்பதால், கிடைத்த டிராக்கிடமே (கருவியிலிருந்து வரும் ஒலி அல்லது காட்சி ஓடை) ‘கெட்செட்டிங்ஸ்’ வழியாகத் திறந்திருக்கும் கருவி எதுவென்று கேட்டு, அதைத்தான் பட்டியலில் காட்டுகிறோம். மற்றவர்களுக்கு நேர்ந்தவற்றையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

எங்களுக்குச் சிக்கல் கைபேசியில் வந்தது. ஆண்ட்ராய்டு குரோமில் கேமராவின் பெயர் ‘கேமரா2 0, ஃபேசிங் பேக்’ என்று வந்து நின்றது. இதைப் பார்த்து எந்தப் பயனரும் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார். கைபேசியில் பட்டியலை நீக்கிவிட்டு, முன்பக்கம், பின்பக்கம் என மாற்றும் ஒரே பொத்தானை வைத்தோம். பல கைபேசிகளில் இரண்டு கேமராக்களை ஒரே நேரத்தில் திறக்க முடியாது. முதலாவதை நிறுத்தாமல் இரண்டாவதைக் கேட்டால் ‘நாட்ரீடபிள்எரர்’ வரும். பழையதை நிறுத்தி, புதியதைத் திறந்து, அனுப்பும் டிராக்கை ‘ரீப்ளேஸ்டிராக்’ மூலம் மாற்றினால் எதிர்முனையில் இணைப்பு அறுபடாது. புதியது திறக்காவிட்டால் பழையதையே மீண்டும் திறக்கும் வழியையும் எழுதி வைப்பது நல்லது. இல்லையேல் பயனர் கறுப்புத் திரையோடு விடப்படுவார்.

மறுமொழி 2

ஸ்பீக்கரைப் பற்றி எவரும் எழுதவில்லையே! மைக்கும் கேமராவும் டிராக்கைச் சார்ந்தவை. ஸ்பீக்கர் தேர்வோ பக்கத்தில் ஒலியை இசைக்கும் ஒவ்வொரு ஆடியோ, வீடியோ உறுப்புக்கும் ‘செட்சிங்க்ஐடி’ மூலம் தனித்தனியே சொல்லப்பட வேண்டியது. எங்கள் சோதனைக் கூட்டம் ஒன்றில் எல்லோருடைய குரலும் ஹெட்செட்டில் ஒலிக்க, தாமதமாகச் சேர்ந்த ஒருவரின் குரல் மட்டும் மடிக்கணினியின் ஸ்பீக்கரில் உரக்க ஒலித்தது. அவருக்காகப் புதிதாக உருவான உறுப்புக்கு அந்தத் தேர்வு சென்று சேரவில்லை என்பதே காரணம். ‘ஸ்பீக்கரைச் சோதிக்க’ என்ற பொத்தான் எழுப்பும் ஒலியும் அதே வழியாகச் செல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை.

குரோமில் இந்த வசதி நெடுங்காலமாக உண்டு; ஃபயர்ஃபாக்ஸ் இதை 2023இல் வெளிவந்த 116ஆம் பதிப்பில்தான் இயல்பாகத் தந்தது. உலாவியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அந்தச் செயற்கூறு இருக்கிறதா என்று சோதித்து, இல்லாத இடத்தில் ஸ்பீக்கர் பட்டியலையே மறைத்துவிடுவது நேர்மையானது. செயலியை வேறொரு பக்கத்தின் ஐஃப்ரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) வைப்பவர்கள், அதன் ‘அலௌ’ பண்பில் கேமரா, மைக்ரோபோன் ஆகியவற்றோடு ‘ஸ்பீக்கர்-செலக்‌ஷன்’ என்பதையும் சேர்க்க வேண்டும்.

மறுமொழி 3

விண்டோஸ் குரோமில் ஒரே ஹெட்செட் மூன்று முறை தெரிகிறதே என்று பயனர்கள் கேட்பார்கள். ‘டிஃபால்ட்’, ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்னும் இரண்டும் தனிக் கருவிகள் அல்ல, இயங்குதளத்தின் அமைப்பைச் சுட்டுபவை. நாங்கள் முதலாவதை ‘கணினி அமைப்பின்படி’ என்று பெயரிட்டு வைத்துக்கொண்டு, இரண்டாவதை மறைத்துவிட்டோம்.

புளூடூத் மைக்கைத் தேர்ந்ததும் கேட்கும் ஒலியின் தரம் குன்றுவது பெரும்பாலும் செயலியின் பிழையன்று. மைக்குக்கு இடம்தர ஹெட்செட் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிக்கொள்கிறது. அத்தகையவருக்கு, மடிக்கணினியின் மைக்கையும் ஹெட்செட்டின் ஸ்பீக்கரையும் சேர்த்துத் தேர்ந்துகொள்ளும்படி சொல்கிறோம்.

முதல் பதிவிட்டவர்

நன்றி, நண்பர்களே. உரையாடலின் நடுவே ஹெட்செட்டைக் கழற்றினால் என்ன செய்கிறீர்கள் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். கருவிகள் மாறியதை அறிவிக்கும் ‘டிவைஸ்சேஞ்ச்’ நிகழ்வு வந்ததும் பட்டியலைப் புதுப்பித்து, டிராக் முடிந்துவிட்டிருந்தால் இயல்பு மைக்குக்கு மாறி, மாறியதை ஒரு வரியில் திரையில் சொல்கிறோம். அந்த வரியின் பக்கத்திலேயே ஒலியளவுக் கோடு அசைவதால், தம் பேச்சு மைக்கில் பதிவாவதைப் பயனர் உடனே கண்டுகொள்கிறார்.