2009 லான் டிராக்டருக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சா? 900 டாலருக்குள் என்ன செய்யலாம்?

பிட்ஸ்பரோவாசி

வணக்கம். வட கரோலினா, பிட்ஸ்பரோ பக்கம் ஒன்றேகால் ஏக்கர். முன்பக்கம் சமதளம், பின்பக்கம் ஓடையை நோக்கிச் சரிவு. களிமண், டால் ஃபெஸ்க்யூ புல். உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி, 2009 மாடல்: 42 இன்ச் டெக் (பிளேடுகள் சுழலும் அடித்தகடு), 19.5 எச்.பி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் (கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோ), மீட்டரில் 430 மணி நேரம்.

கோளாறுகள்: சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி முட்டிக்கொண்டு நிற்கிறது, மூன்று நான்கு தடவை முயன்றால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஆனதும் நீலப் புகை, ஏர் ஃபில்ட்டர் முழுக்க ஆயில், இரண்டு தடவை வெட்டினால் அரை குவார்ட் குறைகிறது. டெக்கின் இடது பக்கம் அதிர்கிறது, அடியில் துரு. அரை மணி நேரம் ஓடிய பிறகு சரிவில் ஏற மறுக்கிறது.

புது வண்டி 2,000 டாலருக்குக் கீழே கண்ணில் படவில்லை. என் கையில் 900தான். மார்ச் பிறந்துவிட்டது, புல் காத்திருக்காது. பழையதில் காசு போடுவதா, செகண்ட் ஹேண்ட் வாங்குவதா?

ஸ்பேனர்செட்

வாங்குறதுக்கு முன்னாடி எந்த உறுப்பு செத்திருக்குன்னு தெரிஞ்சுக்கணும். நீங்க சொன்ன முதல் ரெண்டு கோளாறும் பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் சின்னச் செலவு.

அரைச் சுற்றில் முட்டி நிக்கிறதுன்னா முதல்ல பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், கிராங்க் பண்ணும்போது 9.6க்குக் கீழ இறங்கக் கூடாது. அது சரியா இருந்தா, டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்குற கைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. இந்த எஞ்சின்கள்ல வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டில் ஒரு சின்ன மேடு இருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது அது ஒரு வால்வை லேசா தூக்கிக் கம்ப்ரஷனைக் கொஞ்சம் கசிய விடும், அதனாலதான் சின்ன ஸ்டார்ட்டரால பெரிய பிஸ்டனைச் சுத்த முடியுது. டேப்பெட் இடைவெளி கூடிப்போச்சுன்னா அந்த மேடு வால்வைத் தொடவே தொடாது. முழுக் கம்ப்ரஷனோட ஸ்டார்ட்டர் மல்லுக்கட்டும். நிறைய பேர் இதுக்குப் புது ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டிட்டு அதே இடத்துல நிப்பாங்க.

செய்முறை: ஸ்பார்க் பிளக் வயர், பேட்டரி நெகடிவ் ரெண்டையும் கழட்டுங்க. பிளக்கையும் எடுத்துடுங்க. வால்வ் கவரைத் திறந்து, எஞ்சினைக் கையால சுத்தி, ரெண்டு வால்வும் மூடியிருக்கிற கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வாங்க. உச்சியைத் தாண்டி இன்னும் கால் இன்ச் இறக்கணும், பிளக் ஓட்டையில ஒரு ஸ்ட்ரா விட்டுப் பார்த்தா தெரியும். உச்சியிலேயே நிறுத்தி அளந்தா அந்த மேடு வால்வில் உரசிட்டு இருக்கலாம், அளவு பொய் சொல்லும். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) இன்டேக் 0.003 முதல் 0.005 இன்ச், எக்ஸாஸ்ட் 0.005 முதல் 0.007 இன்ச். இது இந்த அளவு எஞ்சின்ல பரவலா இருக்கிற கணக்கு. உங்க எஞ்சின் நம்பரைப் போட்டு மேனுவல்ல சரிபாருங்க. வால்வைத் தள்ளுற கம்பியான புஷ் ராடு வளைஞ்சிருக்கான்னும் கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க.

அடுத்து புகை. முதல்ல டிப்ஸ்டிக்: ஆயில் அளவுக்கு மேல இருந்தாலும் இதே புகைதான் வரும். பெட்ரோல் வாசனை அடிச்சா கார்புரேட்டர் நீடில் கசிஞ்சு பெட்ரோல் ஆயில்ல கலக்குதுன்னு அர்த்தம். ரெண்டும் இல்லைன்னா, சிலிண்டருக்கும் அதோட மூடியான ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட் மேலதான் சந்தேகம். சிலிண்டருக்கும் புஷ் ராடு போற ஓட்டைக்கும் நடுவுல கேஸ்கட் ஒடுக்கமா இருக்கும். அந்த இடம் எரிஞ்சா கம்ப்ரஷன் கீழ ஆயில் இருக்கிற கிராங்க்கேஸுக்குள்ள போய், அதோட காற்றுப்போக்கியான பிரீதர் வழியா ஆயிலை ஏர் ஃபில்ட்டருக்குள்ள தள்ளும். உங்க அறிகுறி அச்சு அசல் அதேதான்.

கம்ப்ரஷன் கேஜை நம்பாதீங்க, மேல சொன்ன மேடு ரீடிங்கைக் குறைச்சே காட்டும். லீக்டவுன் டெஸ்ட்தான் சரி: பிஸ்டனை உச்சியில் வச்சு, பிளக் ஓட்டை வழியா காற்றழுத்தம் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி டெக் பெல்ட்டைக் கழட்டிடுங்க. காத்து தள்ளும்போது கிராங்க் சடார்னு சுத்தும், பிளேடு கிட்ட யாரும் இருக்கக் கூடாது. சைலன்சர்ல சத்தம் கேட்டா எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டர்ல கேட்டா இன்டேக். டிப்ஸ்டிக் குழாயில கேட்டா ஹெட் கேஸ்கட் இல்லைன்னா பிஸ்டன் ரிங். இந்த ரெண்டுல எதுன்னு ஹெட்டைக் கழட்டினாத்தான் உறுதியாகும்: கேஸ்கட் எரிஞ்ச இடத்துல கரிக்கோடு தெரியும்.

கேஸ்கட் 15 முதல் 30 டாலர். மாட்டும்போது ஹெட் தட்டையா இருக்கான்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டுங்க, கம்பி வீல் போட்டா அலுமினியத்துல பள்ளம் விழும். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமா, மூணு சுற்றுல, மேனுவல் சொல்ற டார்க்குக்கு இறுக்கணும். கூடவே ஃப்ளைவீல் மேல இருக்கிற கவரைத் திறந்து சிலிண்டரைக் குளிர வைக்கிற துடுப்புகள்ல அடைஞ்சிருக்கிற புல்லை எடுங்க. பெரும்பாலும் அந்தச் சூட்டுலதான் கேஸ்கட் எரியுது, அதை விட்டுட்டு மாட்டினா திரும்ப எரியும்.

கொல்லைப்புறம்

எஞ்சின் பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வண்டி இருக்கட்டுமா போகட்டுமா என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை; டெக் தகடும் ஹைட்ரோவும்தான் தீர்மானிக்கும். நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு கோளாறுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டெக்கைக் கழற்றித் திருப்பிப் போட்டு, ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லைச் சுரண்டி எடுங்கள். பிளேடு மாட்டியிருக்கும் சுழல் அச்சான ஸ்பிண்டிலின் போல்ட்டுகளைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் தகடு உயிரோடு இருக்கிறது. மந்தமாகக் கேட்டாலோ தகடு அமுங்கினாலோ அங்கே ஸ்பிண்டில் நிற்காது. ஓரத்து ஓட்டையை வெல்டிங்கில் மூடலாம், ஸ்பிண்டில் உட்காரும் இடத்தை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. அந்த இடத்தில் துருதான் என்றால் அந்த டெக்கில் ஒரு டாலர்கூடப் போடாதீர்கள். தகடு நன்றாக இருந்தால், பெல்ட் இல்லாமல் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ மேலும் கீழும் ஆட்டம் இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான், ஒன்று 25 முதல் 45 டாலர். பிளேடு வளைந்திருந்தாலும் அதிரும்: ஒரு முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அரைச் சுற்று சுற்றி அதே இடத்தில் மறு முனையை அளங்கள். எட்டில் ஒரு இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளேடை மாற்றுங்கள்.

ஹைட்ரோ சூடானால் தளர்வது நல்ல சகுனமல்ல. ஆனால் தீர்ப்பு எழுதுவதற்கு முன் மலிவானவற்றைக் கழித்துவிடுங்கள். டிரைவ் பெல்ட் பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தால் அதுவே வழுக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக ஹைட்ரோவை விடுவிக்கும் பைபாஸ் கம்பி பாதி இழுத்த நிலையில் மாட்டியிருக்கலாம். ஹைட்ரோவின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் விசிறியின் இறக்கைகள் உடைந்திருந்தால் ஆயில் சூடேறி நீர்த்து, அழுத்தம் போய்விடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் வழுக்கினால் உள்ளே பம்ப் தேய்ந்திருக்கிறது.

அந்த நிலையில் ஆயில் மாற்றிப் பார்க்கலாம். இந்த வகை வண்டிகளில் பரவலாக இருக்கும் டஃப் டார்க் கே46 போன்ற ஹைட்ரோக்களில் வடிகால் திருகு கிடையாது. கழற்றி இறக்கி, கவிழ்த்துத்தான் ஆயிலைக் கொட்ட வேண்டும். 5டபிள்யூ-50 சிந்தடிக் ஊற்றினால் சூட்டில் கொஞ்சம் தாங்கும். மாட்டிய பிறகு பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, பைபாஸைத் திறந்து, மெதுவான வேகத்தில் பெடலை முன்னும் பின்னும் ஐந்தாறு முறை மிதித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு பைபாஸை மூடி மறுபடி அதே போல. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்விடும், கிடைப்பது ஓரிரு பருவம். புது ஹைட்ரோ வாங்க நினைக்காதீர்கள், உங்கள் 900இல் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹைட்ரோதான் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைக்கிறது. அது தளர்ந்த வண்டியை ஓடைச் சரிவில் தயவுசெய்து ஓட்டாதீர்கள். ஃபோனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்பை வைத்துச் சரிவை அளங்கள். 15 டிகிரிக்கு மேலே இருந்தால் நல்ல வண்டிக்கும் அங்கே வேலை இல்லை. அந்தப் பட்டையைத் தள்ளும் மெஷினால் குறுக்குவாட்டில் வெட்டுங்கள்.

ரேலி_ரங்கூன்கொடி

ரெண்டு பேரும் மெஷினைப் பத்திச் சொல்லிட்டாங்க. நான் நேரத்தைப் பத்திச் சொல்றேன். மார்ச்ல இருந்து மே வரைக்கும் செகண்ட் ஹேண்ட் விலை உச்சத்துல இருக்கும், ஏன்னா எல்லாருக்கும் இப்பத்தான் பழைய வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு தெரியுது. அக்டோபர், நவம்பர்ல ஆளுங்க கராஜைக் காலி பண்ணுவாங்க, கடைகளும் மிச்ச ஸ்டாக்கைத் தள்ளுவாங்க. ஃபெஸ்க்யூ ஏப்ரல், மேயில வேகமா வளரும், ஜூலையில மந்தமாகும், செப்டம்பர்ல மறுபடி எழும்பும். பழைய வண்டி நூறு நூத்தைம்பது டாலர்ல அக்டோபர் வரைக்கும் ஓடினா அதுவே பெரிய லாபம்.

வாங்கப் போகும்போது: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்க. ஸ்டியரிங்கை ஆட்டிப் பாருங்க, கால் சுற்று சும்மா போனா கீழ சக்கரத்தைத் திருப்புற செக்டர் கியர் தேஞ்சிருக்கு. முன் அச்சு மாட்டியிருக்கிற இடத்துல ஃபிரேம்ல விரிசல் இருக்கான்னு டார்ச் அடிங்க. அப்புறம் இருபது நிமிஷமாவது ஓட்டணும், ஹைட்ரோ சூடானப்புறம்தான் உண்மையைச் சொல்லும். பிளேடை எலக்ட்ரிக் கிளட்ச் ஓட்டுற வண்டின்னா ஆன், ஆஃப் அஞ்சாறு தடவை செய்ங்க, அது போனா 150 டாலருக்கு மேல.

பழைய கிராஃப்ட்ஸ்மேன் பார்த்தீங்கன்னா சீட்டுக்கு அடியில மாடல் நம்பரைப் படிங்க. 917ல ஆரம்பிச்சா ஏ.ஒய்.பி., அதாவது பின்னாடி ஹஸ்க்வர்னாவா ஆன கம்பெனி செஞ்சது. 247ன்னா எம்.டி.டி.ங்கிற வேற கம்பெனி செஞ்சது. பெயிண்ட் ஒண்ணா இருந்தாலும் பெல்ட், ஸ்பிண்டில் எல்லாம் வேற வேற. பார்ட்ஸ் தேடும்போது இந்த மூணு இலக்கம்தான் வழிகாட்டி.

48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி வச்ச எலக்ட்ரிக் வண்டி 400, 500க்கு வருதேன்னு மயங்காதீங்க. நாலு பேட்டரியும் போயிருக்கும், புதுசு போட்டா விலை எங்கேயோ போயிடும்.

பிட்ஸ்பரோவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த வாரம் சோதித்தவை: பேட்டரி 12.6. எக்ஸாஸ்ட் டேப்பெட் 0.014 இன்ச் இருந்தது, 0.006க்கு வைத்ததும் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. லீக்டவுனில் காற்று டிப்ஸ்டிக் குழாயில் வந்தது. ஹெட்டைக் கழற்றினால் புஷ் ராடு பக்கம் கேஸ்கட்டில் அரிசி அகலத்துக்குக் கரிக்கோடு. அதே பக்கத் துடுப்புகளில் புல்லும் எண்ணெயும் கலந்து கேக் மாதிரி இறுகிக் கிடந்தது. கேஸ்கட் 22 டாலர், ஏர் ஃபில்ட்டர் 16.

டெக் தகடு ஸ்பிண்டில் பக்கம் கணீரென்று இருக்கிறது, துரு புல் வெளியேறும் வாய் ஓரத்தில் மட்டும். இடது ஸ்பிண்டிலில் ஆட்டம் உண்டு. ஹைட்ரோ விசிறியில் மூன்று இறக்கைகள் இல்லை, டிரைவ் பெல்ட் வழவழவென்று இருக்கிறது. சரிவு 12 டிகிரி, ஓடை ஓரத்தில் மட்டும் 17. விசிறியும் பெல்ட்டும் போதுமா, ஆயிலும் மாற்ற வேண்டுமா? பெல்ட்டைக் கார் பார்ட்ஸ் கடையில் வாங்கலாமா?

கொல்லைப்புறம்

தகடு நன்றாக இருப்பது நல்ல செய்தி. இந்த வண்டியை வைத்துக்கொள்ளலாம். விசிறி, பெல்ட், ஒரு ஸ்பிண்டில், அவ்வளவு போதும், மொத்தம் நூறு டாலரை ஒட்டி வரும். ஆயிலை இப்போது தொட வேண்டாம். இவற்றை மாட்டி, சமதளத்தில் நாற்பது நிமிடம் வெட்டிச் சூடாக்கிய பிறகு 12 டிகிரிச் சரிவின் அடியிலிருந்து நேராக மேலே ஏறிப் பாருங்கள். ஏறினால் விட்டுவிடுங்கள். திணறினால் அப்போது கழற்றுங்கள். ஓடை ஓரத்து 17 டிகிரிப் பட்டைக்கு எப்போதும் தள்ளும் மெஷின்தான்.

கார் பெல்ட் வேண்டாம். இந்த டிரைவ் பெல்ட் கிளட்ச் போலத் தளர்ந்து இறுகி வேலை செய்கிறது, பல இடங்களில் முதுகுப்பக்கமாகவும் வளைகிறது. அதற்காகவே உள்ளே எளிதில் நீளாத அராமிட் நார் வைத்திருப்பார்கள். கார் பெல்ட் அளவில் பொருந்தினாலும் ஒரு மாதத்தில் நீண்டுவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் போட்டுப் பெல்ட் எண்ணை எடுங்கள், பழைய பெல்ட்டை நூலால் அளக்காதீர்கள், அது ஏற்கெனவே நீண்டிருக்கும்.

ஸ்பேனர்செட்

ஒரு சின்ன சேர்க்கை. கேஸ்கட் மாட்டி அஞ்சு மணி நேரம் ஓடினதும் ஆயிலை மாத்துங்க, டேப்பெட்டையும் திரும்ப அளந்து பாருங்க, கேஸ்கட் அமுங்கினதுல இடைவெளி கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். உங்க ஊர் வெயிலுக்கு எஸ்.ஏ.இ. 30 ரக எஞ்சின் ஆயில் ஊத்தினா 10டபிள்யூ-30ஐ விடக் குறைவாகத்தான் குடிக்கும். முதல் ரெண்டு தடவை ஓட்டும்போது சைலன்சர்ல தங்கியிருக்கிற பழைய ஆயில் எரிஞ்சு புகை வரும், பதறி மறுபடி ஹெட்டைத் திறந்துடாதீங்க.