நாட்ச், ஹெஸ்1, எஃப்ஜிஎஃப்2: நரம்பு ஸ்டெம் செல் தட்டில் பார்த்தவற்றைப் பகிருங்கள்

நாட்ச் என்பது நரம்பு ஸ்டெம் செல்லை நியூரானாக விடாமல் வைத்திருக்கும் சமிக்ஞை. அதை அடைக்கும் டாப்ட் மருந்தைப் போட்டும் நியூரான் கூடவில்லையா? மருந்தைச் சந்தேகிக்கும் முன் தட்டில் செல்கள் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். நாட்சைத் தூண்டும் டெல்டா புரதம் பக்கத்துச் செல்லின் சவ்வில் இருக்கிறது. தொட்டால்தான் செய்தி போகும். சதுர செ.மீ.க்கு 10,000 செல் என்று தூவினால் மருந்து போடாத ஒப்பீட்டுத் தட்டிலேயே நாட்ச் மங்கிவிடும், அடைக்க மிச்சம் இருக்காது. 14ஆம் நாள் சுண்டெலிக் கருவின் பெருமூளைப் புறணிக்கு 50,000 முதல் 1,00,000 வரை பொருந்தும். டாப்ட் 10 மைக்ரோமோலார். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் ஒப்பீட்டுத் தட்டிலும் அதே அளவு, 0.1 சதவீதத்துக்குள்.

*

இதோடு இன்னொன்று. நாட்ச் தூண்டும் ஹெஸ்1 புரதத்துக்குச் சாயமேற்றினால் சில செல் பளிச்சென்றும் சில வெறுமையாகவும் தெரியும். அவற்றை இரண்டு வகைச் செல்கள் என்று எழுதிவிடாதீர்கள்! ஹெஸ்1 தன் மரபணுவைத் தானே அடக்கும். புரதமும் எம்ஆர்என்ஏவும் சீக்கிரமே சிதையும். அதனால் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். கியோட்டோவில் ககேயாமா குழு 2002இலேயே வளர்ப்புச் செல்களில் இந்த அலைவைக் காட்டியது. செல்லை நியூரானாக்கும் புரதமான நியூரோஜெனின்2இன் அளவும் இப்படி அலையும் வரை செல் பிரிந்துகொண்டே இருக்கும். அது நிலையாக உயர்ந்தால்தான் நியூரானாகும். ஃபார்மாலினில் உறையவைத்த செல்களின் தட்டு தருவது ஒரு நொடியின் படம் மட்டுமே. அலைவைப் பார்க்க, வேகமாகச் சிதையும் லூசிஃபெரேஸ் ரிப்போர்ட்டருடன் (மரபணு இயங்குவதை ஒளியாகக் காட்டும் புரதம்) உயிருள்ள செல்களைப் படமெடுக்க வேண்டும்.

*

செல்களைப் பெருகவைக்கச் சேர்க்கும் வளர்ச்சிக் காரணியான எஃப்ஜிஎஃப்2 பற்றி யாரும் சொல்லவில்லையே. 37 டிகிரியில் அதன் வீரியம் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் போய்விடும். மில்லிக்கு 20 நானோகிராம் தினமும் சேர்க்கணும், கூடவே ஹெப்பாரின் 2 மைக்ரோகிராம். ஸ்டாக்கில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) இல்லாவிட்டால் ஒரு பகுதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவதும் கெடுதல்.

இதைவிடப் பெரிய சிக்கல், அது செல்லின் முகவரியையே மாற்றுவது. முதுகுப்புறத் தண்டுவடச் செல்களும் புறணிச் செல்களும் எஃப்ஜிஎஃப்2இல் வளர்ந்தால் ஆலிக்2 மரபணுவை இயக்கத் தொடங்கும். கருவில் அது பெரும்பாலும் வயிற்றுப்புற அடையாளம். பல முறை புதுத் தட்டுகளுக்குப் பிரித்து வளர்த்த செல்லை வைத்து 'புறணி இப்படி நடந்துகொள்கிறது' என்று முடிவுகட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் இரண்டு பிரிப்புக்குள் சோதனையை முடித்துவிடுங்கள். கருவிலிருந்து எடுத்த அன்றே கொஞ்சம் ஆர்என்ஏ ஒதுக்கி, புறணி அடையாள மரபணுக்களான பாக்ஸ்6, ஈஎம்எக்ஸ்1, கூடவே ஆலிக்2 மூன்றையும் கடைசித் தட்டோடு ஒப்பிடுங்கள்.

*

வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் பி27 கலவை வாங்கும்போது வைட்டமின் ஏ இல்லாததையே கேளுங்கள். அந்த வைட்டமின் ரெட்டினாயிக் அமிலமாகி, பெருக வேண்டிய செல்லை நியூரான் பக்கம் தள்ளிவிடும்.